தலைமாடும் கால்மாடும்

வருகிறாள். வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒருத்தி கேட்டால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும், வருகிறாள் என்றுதான் அர்த்தம். காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். நானும் பேப்பரைப் பார்த்துக்கொண்டே "ஒம்பதரைக்கு" என்றேன், குரலில் ஒன்றும் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். முப்பத்தோரு வருஷம் கும்பகோணம் கடைத்தெருவில் பட்டுப் பிரிவு மெத்தையில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியாதா, புடவை எடுக்கப்போகிற நேரத்தில் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினால் போயிற்று, எழுந்து போய்விடுவார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டேன், நான், இந்த வைத்தியலிங்கம், வாயை மூடிக்கொண்டேன்! பேப்பரில் என்ன படித்தேன் என்று கேட்டால் தெரியாது, சிமெண்ட் விளம்பரமாக இருக்கும். அப்புறம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவதற்கு முன்னால் திரும்பாமலே சொன்னாள், "அந்த முடிய எடுத்துக் கட்டில் மேல வைங்க." அந்த முடி, அவள் வாயால்! என் மனைவி தையல்நாயகி தெருவில் இறங்கி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. தோல் டாக்டரிடம் போவாள், ஆட்டோவுக்குள் முக்காடு போட்டுக்கொண்டு, அது கணக்கில்லை. கோவில் இல்லை, கல்யாணம் இல்லை, எதிர்வீட்டு வளைகாப்புக்குக்கூட என்னிடம் தட்டைக் கொடுத்தனுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு மாயவரத்தில் அவள் தம்பி மகள் மதுமிதாவுக்கு நலங்கு, பதினோரு மணிக்கு, முதல் சந்தனம் அத்தை கையால் வைக்கவேண்டும், இருப்பது ஒரே அத்தை. போன வாரம் தம்பி வந்து அழைத்து, வண்டி அனுப்புவதாகச் சொன்னபோது "பாக்கலாம்டா" என்றாள், அவள் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். நேற்று சாயங்காலம் அந்தப் பெண்ணே போன் செய்து, "அத்த, நீ வரலேன்னா மொத சந்தனமே வேணாம்னு சொல்லிட்டேன், ரெண்டாவதுலேர்ந்து வைக்கட்டும்" என்றிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தவள், ராத்திரி முழுக்கப் புரண்டவள், இப்போது வண்டி எத்தனை மணிக்கு என்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே முதல் சொம்புத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. தலைக்குக் குளிக்கிறாள், அப்படியானால் நாற்பது நிமிஷம்.

பீரோவைத் திறக்கிறேன், சாவி திரும்பமாட்டேன் என்கிறது, இல்லை, நான்தான் தலைகீழாகப் போட்டிருக்கிறேன், அட பைத்தியமே, உனக்கா நலங்கு. நடுத்தட்டில் வலது ஓரம், அட்டைப்பெட்டி, அதற்குள் சாட்டின் பை, அதற்குள் ஒன்பது பட்டி முடி. சவுரி என்று சொன்னால் என் மகள் சிவரஞ்சனிக்குக் கோபம் வரும், "சவுரி இல்லப்பா, எக்ஸ்டென்ஷன், ஒரிஜினல் மனுஷ முடி" என்பாள், ஓசூரில் வேலை பார்க்கிறவள், அங்கிருந்து அம்மாவுக்காக அளவெடுத்துச் செய்து வாங்கிவந்தாள். விரலளவு அகலத்தில் ஒரு தையல் பட்டி, பட்டியின் அடியில் குட்டிக் குட்டிக் கிளிப், பட்டியிலிருந்து ஒன்றேகால் முழத்துக்குத் தொங்குகிற முடி, சொந்த முடிக்கு அடியில் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், சொட்டை மறைந்துவிடும். நாயகி ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள், கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷம் இருந்தாள், கழற்றினாள், "நல்லாத்தான் இருக்கு, எடுத்து வைங்க" என்றாள். அன்றைக்கே ரஞ்சனி என்னை உட்காரவைத்து, எடுத்து வைப்பது எப்படி என்று பாடம் நடத்தினாள். ஈரத்தோடு வைக்கக்கூடாது, நிழலில் தானாகக் காயவேண்டும், வெயில் படக்கூடாது, எண்ணெய் ஒரு சொட்டு கூடாது, பிளாஸ்டிக் கவர் கூடாது, நாப்தலீன் உருண்டை கூடவே கூடாது, வைப்பதற்கு முன்னால் நுனியிலிருந்து மேலே சீவவேண்டும், புதுச் செருப்புப் பெட்டியில் தின்னாதே என்று எழுதி ஒரு பொட்டலம் வருமே அதை இரண்டு போடவேண்டும். நான் சிரித்தேன். யாரிடம் வந்து என்ன சொல்கிறாள் பார், பட்டுக்கு நாப்தலீன் கூடாது என்று ஊருக்கே சொன்னவன் நான், சரிகை கறுத்துவிடும், மல் துணியில் சுற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றிப் போடு, இல்லாவிட்டால் மடிப்பிலேயே கிழியும் என்று எத்தனை மாமிகளுக்குப் பாடம் நடத்தியிருப்பேன். முடி என்ன, பட்டு என்ன, இரண்டும் ஒரு உயிரின் உடம்பிலிருந்து வந்த நூல்தானே. ஒன்றே ஒன்றைத்தான் நான் கேட்கவில்லை. ஹேங்கரில் நேராகத் தொங்கவிடவேண்டும் என்றாள். கனமான புடவையைத் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே இழை இழுத்துக்கொண்டு போகும் என்பது எனக்குத் தெரியும், ஓசூருக்குத் தெரியாது. படுக்கவைத்து அடுக்கினேன். மாதாமாதம் எடுத்து உதறி, மடிப்பு மாற்றி, மறுபடி அடுக்கினேன், பதினோரு மாதம், ஒரு மாதம் தவறவில்லை. அவள் ஒருநாள் கேட்பாள், கேட்கிற அன்றைக்குப் புதுசாக எடுத்து நீட்டவேண்டும் என்று அந்த ஒரு நினைப்புதான். கேட்டுவிட்டாள். இதோ எடுத்து நீட்டுகிறேன். பையின் சுருக்கைத் தளர்த்திக் கட்டிலில் கவிழ்க்கிறேன்.

ஒன்பது பட்டி விழவில்லை. ஒன்றாக, ஒரே மூட்டையாக, பொத்தென்று விழுந்தது. முதலில் எனக்குப் புரியவேயில்லை, ஒரு பட்டியைப் பிடித்துத் தூக்கினேன், மற்ற எட்டும் கூடவே வந்தன. இழுத்தேன், சரக்கென்று ஒரு சத்தம், முடி அறுகிற சத்தம் அல்ல, முடியும் முடியும் கடித்துக்கொள்கிற சத்தம். போன மாதம்கூடக் கொஞ்சம் பிசிறிக்கொண்டுதான் வந்தது, நான் பேசாமல் உள்ளங்கையால் நீவி மடித்து வைத்தேன், புதுப் பட்டு அப்படித்தான் முறுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே சொம்பு விழுகிறது, தண்ணீர் விழுகிறது. எட்டு முப்பத்தைந்து. ஒன்பதரைக்கு வண்டி. ஒன்பது பத்துக்கு அவள் வெளியே வந்துவிடுவாள், வந்து இதைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள், சண்டை போட்டால்கூடத் தேவலை, ஒன்றும் சொல்லாமல், "சரி, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்பாள். அந்தக் குரல் இப்போதே எனக்குக் கேட்கிறது. அதோடு முடிந்தது, இன்னொரு வருஷம், இன்னொரு இரண்டு வருஷம், யார் கண்டது. எங்கே தப்பு நடந்தது, எல்லாம் சரியாகத்தானே செய்தேன், எண்ணெய் படவில்லை, ஈரம் இல்லை, பொட்டலம்கூட மூன்று போட்டிருக்கிறேன்.

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் மெதுவாகப் பேசுகிறேன், மெதுவாகப் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். "ரஞ்சனி, அம்மா கெளம்புறாம்மா." "அப்பா, நெசமாவா?" "குளிச்சிட்டிருக்கா. முடிய எடுத்து வைக்கச் சொன்னா." "அப்பா..." அழுகிறாள், சிரிக்கிறாள், ஆபீஸில் இருக்கிறாள் போல, யாரிடமோ ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்கிறாள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "ஒரு சின்ன விஷயம்மா, முடி கொஞ்சம் சிக்கிக்கிட்டிருக்கு." "எப்படி? தொங்கத்தான விட்டிருக்கீங்க?" "அடுக்கி வச்சேன்." "எப்படி அடுக்கி?" "புடவை அடுக்குற மாதிரிதாம்மா. பட்டிப் பக்கம் கனம், நுனிப் பக்கம் லேசு, எல்லாத்தையும் ஒரே பக்கமா வச்சா அடுக்கு சாயும்ல, அதனால ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம், தலைமாடு கால்மாடா..." "ஐயோ அப்பா!" அந்த ஐயோவில் எல்லாம் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவள் விளக்கினாள், என் மகள் எதையும் விளக்காமல் விடமாட்டாள், என்னிடமிருந்து வந்த குணம். முடிக்கு வேர்ப்பக்கம், நுனிப்பக்கம் என்று உண்டாம். மீன் செதிள் போலக் கண்ணுக்குத் தெரியாத செதிள் உண்டாம், எல்லாம் நுனியைப் பார்த்துப் படிந்திருக்குமாம். வேர் ஒரு பக்கமாகவே இருந்தால் வழுக்கிக்கொண்டு கிடக்கும், மாற்றிப் போட்டால் செதிளும் செதிளும் மாட்டிக்கொள்ளும். "நீங்க மாசாமாசம் எடுத்து ஒதறி வேற வச்சிருப்பீங்களே?" "வச்சேன்." "ஒதற ஒதற உள்ள போய்ப் பூட்டிக்கும்பா." அப்படியென்றால் எடுக்காமலே விட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. எடுத்தெடுத்துப் பார்த்ததால் ஆயிருக்கிறது. நல்ல வேடிக்கை. "அப்பா, பதறாதீங்க, தண்ணி தொடாதீங்க, காயாது. பல் அகலமான சீப்பு எடுங்க, ஒரு பட்டிய எடுத்துக்கிட்டு, தையலுக்குக் கீழ இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, நுனியில ஒரு அங்குலம் சீவுங்க, அது விட்டப்புறம் அடுத்த அங்குலம். மேலேர்ந்து இழுத்தீங்கன்னா அவ்வளவுதான். நாலு வந்தாலும் பின்பக்கம் சமாளிச்சுடலாம்." நாலா. ஒன்பதும் வரும், உங்கப்பன் யார் என்று நினைத்தாய் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

நுனியில் ஓர் அங்குலம். சீப்பு இறங்குகிறது, நிற்கிறது, மறுபடி இறங்குகிறது, விட்டது. அடுத்த அங்குலம். கடையில் சரிகைப் புட்டாவில் நூல் மாட்டிக்கொண்டால் இப்படித்தான், இழுக்காதே, கேள், எந்தப் பக்கம் வர நினைக்கிறது என்று கேள் என்று எங்கள் முதலாளி சொல்வார், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் கடையில் இப்போது பேரன் உட்கார்ந்து போனில் பேசுகிறான். யாருடைய முடியோ இது, எந்த ஊர்ப் பெண்ணோ, எந்தச் சாமிக்கு இறக்கிக் கொடுத்தாளோ, அவள் வேண்டியது நடந்ததா, நடந்திருக்கவேண்டும், அவள் தலையில் இந்நேரம் புதுசாக வளர்ந்து பின்னல் போட்டிருப்பாள். ஒன்று விட்டது! முழுசாக, பட்டியிலிருந்து நுனிவரை, தூக்கிப் பிடித்தால் தண்ணீர் மாதிரி இறங்குகிறது, எட்டு நாற்பத்தைந்து, ஒரு பட்டிக்குப் பத்து நிமிஷம். இல்லை, முதல் பட்டி எப்போதும் நேரம் எடுக்கும், போகப் போக வேகம் வரும், இரண்டாவதை எடு. வலது பக்கம் தலைமாடு, இடது பக்கம் கால்மாடு, பிரித்த பட்டியை எந்தப் பக்கமாக வைப்பது, எல்லாம் வேர் ஜன்னலைப் பார்த்து, மறந்துவிடாதே, வேர் ஜன்னலைப் பார்த்து. நாயகிக்குக் கல்யாணத்தின்போது முடி இடுப்புக்குக் கீழே இருந்தது, அதைச் சொல்லித்தான் பெண்ணையே பார்த்தோம் என்றில்லை, ஆனால் என் அம்மா சொன்னாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டு உலர்த்துவாள், நான் மத்தியானம் சாப்பிட வந்தால் வீடு முழுக்க வாசனையாக இருக்கும், கடைக்குத் திரும்பிப் போக மனம் வராது. உள்ளே மஞ்சள் உரசுகிற சத்தம். மஞ்சள்! மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறாள்! நான் என்ன சின்னப்பையனா, சீப்பைச் சரியாகப் பிடி. நுனியில் ஓர் அங்குலம்.

"ஏங்க!" என்று உள்ளேயிருந்து குரல். செத்தேன், சீப்பு கீழே விழுந்தது. "என்ன?" "சோப்பு கரைஞ்சு போச்சு, புதுசு ஒண்ணு குடுங்க." எழுந்து ஓடி, அலமாரியில் சோப்பு எடுத்து, கதவிடுக்கில் நீண்ட ஈரக்கையில் வைத்தேன். கை மட்டும்தான் வந்தது, வளையலோடு, விரல் நுனியெல்லாம் மஞ்சளாக. "எடுத்து வச்சிட்டீங்களா?" "வச்சிட்டேன், வச்சிட்டேன்." இரண்டு தடவை சொல்லியிருக்கக் கூடாது. பொய் சொல்கிற கடைக்காரன்தான் இரண்டு தடவை சொல்வான், அவளுக்குத் தெரியாதா. கதவு சாத்திக்கொண்டது, கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் இல்லை, நின்று யோசிக்கிறாளா, யோசிக்காதே நாயகி, யோசிக்காதே, குளி. தண்ணீர் விழுந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது விட்டது. மூன்றாவது. எட்டு ஐம்பத்தெட்டு. வாடிக்கையாளர் பேசாமல் இருந்தால் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும், விலையையா, நிறத்தையா, கூட வந்த மாமியாரையா, எல்லாம் தெரியும். இவள் பேசாமல் இருந்தால் மட்டும் தெரியாது, முப்பது வருஷமாகத் தெரியாது, இந்த ஒரு வருஷமாகச் சுத்தமாகத் தெரியாது. வீட்டுக்குள்ளும் தலையில் வெள்ளைத் துண்டு, தூங்கும்போதும் துண்டு, துண்டு நழுவினால் தூக்கத்திலேயே கை போகும். என்னிடமிருந்துதான் மறைக்கிறாள். டாக்டரிடம் காட்டுகிறாள், நர்ஸிடம் காட்டுகிறாள், என்னை வெளியே உட்காரச் சொல்கிறாள். புழுவெட்டு என்று ஊரில் சொல்வார்கள், புழுவும் இல்லை ஒன்றும் இல்லை, உடம்பே தன் முடியைத் தள்ளிவிடுகிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும், எப்போது என்று மட்டும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்லாதவர்கள் இந்தத் தெருவில் இல்லை. என்னிடமிருந்து மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், நாங்கள் அதைப் பேசியதில்லை. முதன்முதலில் அதைப் பார்த்தவன் நான்தான். ஒரு கல்யாணத்தில் பந்திக்கு நிற்கிறோம், அவளுக்குப் பின்னால் நான், மேலே டியூப்லைட், பின்னலுக்கு வலதுபக்கம் வட்டமாக, வழுவழுவென்று தெரிந்தது. பார்த்தவன் சும்மா இருக்கவேண்டியதுதானே, வீட்டுக்கு வந்து சொல்லவேண்டியதுதானே. "நாயகி, இங்க என்ன, எட்டணா அளவுக்குச் சொட்டையா இருக்கு?" என்றேன். என் குரல் கடைக்குரல், மூன்றாவது கவுண்டருக்குக் கேட்கும். வரிசையே திரும்பிப் பார்த்தது, யாரோ ஒருத்தி எட்டி வந்து பார்த்தாள், இன்னொருத்தி அச்சச்சோ என்றாள். நாயகி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் போட்டது. இலையில் உட்கார்ந்து ரசம்வரை சாப்பிட்டாள். நான் வேண்டுமென்றா சொன்னேன், பதற்றத்தில் சொன்னேன், கண்ணில் பட்டதை வாயில் கொண்டுவருவதுதானே என் தொழில். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எத்தனையோ நாள் மாதக் கடைசியில் இந்தப் பெட்டியைத் திறந்து உதறி மடிக்கும்போது, இதுவே கேட்பதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்காமல் மடித்து மடித்து வைத்ததுதான் இப்படிப் பூட்டிக்கொண்டு கிடக்கிறது.

நான்காவது வந்துவிட்டது! ஒன்பது எட்டு. ஐந்தாவது பாதி. மிச்சம் நான்கும் ஒரே உருண்டை, அதற்குள் சீப்பு நுழையக்கூட இடமில்லை. கத்திரிக்கோல் மேசை மேலே இருக்கிறது, கண்ணில் படுகிறது, அந்த முடிச்சு மட்டும், கால் முழம் போனால் போகட்டும், குட்டையாக இருந்தால் யாருக்குத் தெரியும். கையில் எடுத்தேன். கடையில் ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கொடுக்கும்போதுகூட ஒரு தடவை அளந்து பார்ப்பேன், இது அவளுடையது, அவளைக் கேட்காமல் எப்படி. கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். கத்திரிக்கோலைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன், முடியை என்ன செய்வது, மடியெல்லாம் முடி, கட்டிலெல்லாம் முடி.

வந்து நின்றாள். மாம்பழ மஞ்சளில் பட்டு, அந்தப் புடவை நான் எடுத்துக்கொடுத்ததுதான், கரை அரக்கு, குளியலறையிலேயே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள், தலையில் துண்டு. அவள் கேட்பதற்கு முன்னால் நானே கொட்டிவிட்டேன். "தப்பு பண்ணிட்டேன் நாயகி, தொங்கவிடச் சொன்னா, நான் அடுக்கி வச்சேன், தலைமாடு கால்மாடா அடுக்கிட்டேன், சிக்கிக்கிச்சு, நாலு வந்திருச்சு, அஞ்சாவது வந்துட்டிருக்கு, மத்தது..." நான்கு பட்டியும் ஜன்னலைப் பார்த்து வரிசையாகக் கிடக்கின்றன, அதைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள், என் வேட்டியில் ஒட்டிய முடியை இரண்டு விரலால் எடுத்தாள். இதோ சொல்லப்போகிறாள், நீங்க மட்டும் போயிட்டு வாங்க என்று. "முடியக்கூடப் பட்டுன்னு நெனச்சிட்டீங்களா?" என்றாள். சிரிப்பா அது? உதடு ஒரு பக்கமாகப் போயிற்று, சிரிப்புதான். பிறகு என் காலடியில், பாயில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். துண்டின் முடிச்சை அவிழ்த்தாள்.

நான் நினைத்திருந்ததைவிட அதிகம். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பயமாக இருந்தது, அழுகையும் வந்தது, இவ்வளவையும் இவள் தனியாகவே துவட்டி, தனியாகவே சீவி, தனியாகவே கட்டிக்கொண்டிருந்தாளா. அந்த நேரத்தில் அவள் கேட்டாள், "பின்பக்கம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க. எனக்குத் தெரியாதுல்ல. ரெண்டு கண்ணாடி வச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஒத்து வரல." நான் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்தேன். "சொல்லுங்க. அன்னிக்குச் சொன்னீங்கல்ல." அன்னிக்கு. அவளே எடுத்துவிட்டாள். "அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன், "அத வண்டில போகும்போது பேசிக்கலாம், இப்ப பாத்துச் சொல்லுங்க" என்றாள். வண்டியில் போகும்போது என்றாள்! சொன்னேன், மெதுவாக, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். "வலது காதுக்கு மேல ஒரு உள்ளங்கை அளவு இருக்கு. பின்னாடி ரெண்டு இடம், அதுல ஒண்ணு பெரிசு. உச்சி நல்லா இருக்கு, இடது பக்கம் நல்லா இருக்கு. பெரிசா இருக்குற எடத்துல நடுவுல பூனைமுடியா வந்திருக்கு, வெள்ளையா." "வெள்ளையாவா?" "வெள்ளைதான்." "கடைப்பேச்சு இல்லியே?" "கடைப்பேச்சா இருந்தா கருப்புன்னு சொல்லியிருப்பேன்." அவள் தோள் குலுங்கியது. கையைப் பின்னால் கொண்டுவந்து என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள், "இதுவா?" "இன்னும் கொஞ்சம் கீழ." பிறந்த குழந்தையின் தலை மாதிரி இருந்தது, சூடாக, மெத்தென்று. வெளியே ஹாரன் கேட்டது. "பத்து நிமிஷம்னு சொல்லுங்க," என்றாள், "நாலையும் பின்னாடி வைங்க, கழுத்துப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு. கிளிப்ப வளைச்சு அழுத்தணும், டிக்குனு சத்தம் வரும்." "வலது பக்கம்? காதுக்கு மேல?" "அதுக்கு முந்தானை இருக்கு. சந்தனம் வைக்கிறப்போ எல்லாரும் கையத்தான் பாப்பாங்க."

இப்போது வண்டி திருவிடைமருதூர் தேர்முட்டியைத் தாண்டிவிட்டது. டிரைவர் அந்தோணி, மச்சானின் ஆள், கண்ணாடியில் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டார். பார்க்கட்டும், மடியில் துண்டை விரித்து, அதன்மேல் பாதியில் விட்ட ஐந்தாவது பட்டியைப் போட்டு, நுனியில் ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக நான் சீவிக்கொண்டு வருகிறேன், பள்ளம் வந்தால் நிறுத்துகிறேன். அவள் ஜன்னலோரம். முந்தானை தலைமேல் இருக்கிறது, ஆனால் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னது அவள்தான். வயல், செங்கல் காளவாய், ஒரு புதுப் பெட்ரோல் பங்க், "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்கிறாள், "இங்க பெரிய புளியமரம் இருந்துச்சே?" என்கிறாள், கேட்டுக்கொண்டே வருகிறாள், ஒரு வருஷத்துக் கேள்வி. நான் அன்றைக்குச் சொன்னதைப் பற்றிப் பேசினேன், பேசியது நான்கு வார்த்தைதான், ஆயிரம் வார்த்தை பேசவேண்டும் என்று வைத்திருந்தேன், வரவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எனக்கு ரசம் சாப்புடவே புடிக்கல அன்னிக்கு" என்றாள், அவ்வளவுதான். ஆடுதுறை கடைத்தெருவில் வண்டி மெதுவாகப் போகும்போது சீப்பு மேலிருந்து கீழ்வரை நிற்காமல் இறங்கியது. எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. "வந்திருச்சு நாயகி! அஞ்சு!" என்று கத்தினேன், கடைக்குரல்தான், அந்தோணி பிரேக்கே போட்டுவிட்டார். அவள் திரும்பினாள். முந்தானையைத் தோளில் இறக்கிவிட்டாள், சந்தை நாள், ஜன்னலுக்கு வெளியே அத்தனை ஜனம், முன்னால் அந்தோணி, அவள் தலையைச் சாய்த்து வலதுபக்கத்தை எனக்குக் காட்டினாள். "வைங்க" என்றாள்.